மூன்று சனிக்கிழமை ஏச்சு

எனக்கு வாய் நீளம். மஹய்யாவையில் இதை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. என் வேனில் வரும் பதினாலு பிள்ளைகளைக் கேட்டாலே சொல்லும். பத்து வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். கண்டி டவுனுக்குள் காலை ஏழு மணிக்கு வேன் ஓட்டிப் பாருங்கள், உங்களுக்கும் வாய் நீளும். ஆனால் தாஸிம் நானாவை நான் பேசிய பேச்சில் ஒரு சொல்லுக்குக்கூட அந்த மனுஷன் பாத்திரம் இல்லை. அதனால்தான் மறைக்காமல் சொல்கிறேன்.

முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். தாஸிம் நானாவின் கராஜ் எங்கள் வீட்டுக்குக் கீழே, வளைவில் இருக்கிறது. தகரக் கூரை, பக்கத்தில் ஒரு ஜம்பு மரம், வாசலில் எப்போதும் நாலைந்து த்ரீவீல். ஆள் ரொம்பச் சாது. கையிலிருந்து ஸ்பேனர் நழுவி விழுந்தால், அதற்கு அடிபட்டதோ என்று குனிந்து பார்க்கிற மனுஷன். போன தை மாதம் கலஹாவில் ஒரு கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிப் போனேன். திரும்பும்போது பெல்ட் அறுந்து, இன்ஜின் கொதித்து, வேன் நடு ரோட்டில் நின்றுவிட்டது. மழை வேறு கொட்டுகிறது. போன் பண்ணி ஒன்றரை மணித்தியாலத்தில் தாஸிம் நானா பஸ்ஸில் வந்து இறங்கினார், புது பெல்ட்டை மாலை மாதிரிக் கழுத்தில் போட்டுக்கொண்டு. நனைந்துகொண்டே மாட்டிக் கொடுத்தார். அப்படிப்பட்டவரைத்தான் ஏசினேன், படுபாவி.

அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளைகளோடு போகும்போது இந்த பெல்ட் அறுந்தால் என்ன செய்வது? கடவுளிடம்தான் ஒப்படைக்கவேண்டும். வெள்ளிக்கிழமை சாயந்தரம் வீட்டில் விளக்கேற்றிய கையோடு வேனுக்கு வருவேன். என் வேனில் முன் சீட்டைத் தூக்கினால்தான் இன்ஜின் தெரியும். தூக்கி, ஊதுவத்தி காட்டி, பெல்ட் மாட்டியிருக்கும் இரும்புச் சில்லுக்கு, அந்தச் சின்னச் சக்கரத்துக்கு, சந்தனமும் குங்குமமும் வைப்பேன். முதல் வாரம் சில்லின் முகத்தில் வைத்தேன். மறுநாள் வேனை ஸ்டார்ட் செய்ததும் எல்லாம் பறந்து நாலாபக்கமும் அப்பிக்கொண்டது. நான் விடுவேனா? அடுத்த வாரம் பெல்ட் ஓடுகிற பள்ளத்துக்குள்ளேயே விரலால் அழுத்தி அப்பினேன். பெல்ட்டே அமுக்கிப் பிடித்துக்கொள்ளும், பறக்காது என்று என் புத்திசாலித்தனம்.

மறுநாள் சனிக்கிழமை, டியூஷன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கீஈஈஈச்! அப்படி ஒரு சத்தம். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்ற சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டன. பின் சீட்டில் ஸக்கியா என்று ஒரு வாலு இருக்கிறாள், அவள் மட்டும் வேனோடு சேர்ந்து தானும் கீச்சென்று கத்தினாள். எனக்கு மானம் போயிற்று. பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே கராஜுக்குப் போனேன்.

"நானா! என்னா பெல்ட்டு போட்டீங்க? வேன் ஓடுதா, பேய் ஓடுதா?"

தாஸிம் நானா சீட்டைத் தூக்கிக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

"கடைப் பக்கம் போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க தங்கச்சி. நான் பாத்து வைக்கிறேன்."

தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன், சத்தம் இல்லை.

"என்னா நானா கோளாறு?"

"சின்னதுதான் தங்கச்சி. இப்ப சரி."

அந்த வாரம் முழுக்க வேன் வாயே திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை சீட்டைத் தூக்கிப் பார்த்தால், நான் வைத்த சந்தனத்தைக் காணோம்! சாமி ஏற்றுக்கொண்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். இந்த முறை இன்னும் கெட்டியாக அரைத்து, இன்னும் கூடுதலாக அப்பினேன். சனிக்கிழமை காலை சாவியைத் திருப்பினேன். கீஈஈஈச்!

இரண்டாம் சனிக்கிழமை ஏசியது முதலாவதைப் போல் இரண்டு மடங்கு. அவர் மறுபடியும் என்னைத் தேத்தண்ணிக்கு அனுப்பினார், மறுபடியும் சத்தம் நின்றது. மூன்றாம் சனிக்கிழமை எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"யாரோ கழிச்சுப் போட்ட பெல்ட்ட கொண்டாந்து என் தலையில கட்டிட்டீங்க! பச்சப் புள்ளைங்க போற வண்டின்னு ஒரு ஈரம் வேணாம்?"

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். குற்றம் இல்லாதவன் இப்படியா நிற்பான் என்று எனக்கு இன்னும் ஏறியது. அன்றும் சத்தத்தை நிறுத்தித்தான் வேனைக் கொடுத்தார். நான் அதோடு விட்டேனா? மேலே த்ரீவீல் ஸ்டாண்டுக்குப் போனேன். எட்டுப் பேர் இருந்தார்கள், எல்லாரும் தாஸிம் நானாவிடம் வண்டி கொடுக்கிறவர்கள். ஸ்டாண்டுக்குப் பெரியாள் மாதிரி இருக்கும் பழனியாண்டியைக் கூப்பிட்டு, "அந்தாளு பழைய சாமான் மாட்டுறாரு, இனி அவர நம்பி வண்டி குடுக்காதீங்க" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

என் வாய்க்கு மஹய்யாவையில் ஒரு பெறுமதி உண்டு. அடுத்த வாரம் கராஜ் வாசலில் ஒரு த்ரீவீல்கூட இல்லை. போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். தாஸிம் நானா சும்மா உட்கார்ந்திருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

நாலாம் சனிக்கிழமையும் வேன் கத்தியது. இனி அவர் முகத்திலேயே முழிப்பதில்லை என்று, பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கட்டுகஸ்தோட்டைக்கு விட்டேன். அங்கே ஒரு சிங்கள பாஸ் இருக்கிறார், மெக்கானிக்கை அவர்கள் பாஸ் என்பார்கள். வயதானவர், கொஞ்சம் தமிழும் பேசுவார். சீட்டைத் தூக்கி டோர்ச் அடித்துப் பார்த்தார். ஸ்க்ரூ ட்ரைவரால் எதையோ சுரண்டி எடுத்து மோந்து பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு.

"அக்கே, மே மொகத? சந்தனம் நேத?" இது என்ன அக்கா, சந்தனம்தானே என்கிறார்.

"ஆமா, சாமிக்கு வச்சது. அதுக்கு இப்ப என்ன?"

"பெல்ட் ஓடுற எடத்துல சந்தனம் வச்சா, பெல்ட் புடிக்காது. வழுக்கும். வழுக்கினா கத்தும். பெல்ட் நல்ல பெல்ட், புதுசு." டோர்ச்சை இன்னும் கிட்டே பிடித்தார். "இங்க பாருங்க. ஓரத்துல பழைய சந்தனம் காஞ்சு இருக்கு, முந்தியும் ஒரு ஆள் இத சுரண்டி எடுத்து இருக்கு. சில்லுக்கு ஒரு கீறல் இல்ல. நல்ல வேலைக்காரன். அவர் ஒங்களுக்கு ஒண்ணும் சொல்லலையா?"

சாமி ஏற்றுக்கொண்டதாம், சாமி! மூன்று சனிக்கிழமை அந்த மனுஷன் குனிந்து என் சந்தனத்தைச் சுரண்டியிருக்கிறார். மூன்று சனிக்கிழமையும் என்னிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறார். நான் அவர் பிழைப்பிலேயே மண்ணைப் போட்டுவிட்டேன்.

பாஸ் துப்புரவாக்கிக் கொடுத்ததும் திரும்பினேன். வழியெல்லாம் வேன் சத்தமே போடவில்லை. கத்தித் தொலைத்திருந்தாலாவது எனக்கு மனசு ஆறியிருக்கும். வீட்டுக்குப் போகவில்லை, கராஜுக்கும் போகவில்லை. முதலில் த்ரீவீல் ஸ்டாண்டின் முன்னால் நடு ரோட்டில் பிரேக் போட்டு இறங்கினேன்.

"எல்லாரும் கேளுங்கடா! தாஸிம் நானா மேல ஒரு குத்தமும் இல்ல. பெல்ட்டு புதுசு. நாந்தான் அதுல சந்தனத்த அப்பினேன், நாந்தான் அவர ஏசினேன், நாந்தான் உங்ககிட்ட வந்து பொய்யும் சொன்னேன். இப்ப கெளம்புங்க என் கூட!"

பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்து மன்றாடியது. நான் முன்னால் போக, எட்டு த்ரீவீலும் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி என் பின்னால் வந்தன.

தாஸிம் நானா ஒரு பிளாஸ்டிக் கதிரையில் தனியாக உட்கார்ந்திருந்தார். வேனைக் கண்டதும் எழுந்து, பழக்கத்தில் துணியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இண்டைக்கும் கத்துதா தங்கச்சி?"

நான் இறங்கி அவர் முன்னால் போய் நின்றேன்.

"கத்தல நானா. கட்டுகஸ்தோட்டையில காட்டினேன். எல்லாம் தெரிஞ்சிருச்சி. ஏன் நானா நீங்க ஒரு வார்த்த சொல்லல?"

அவர் என் பின்னால் நின்ற எட்டுப் பேரையும் பார்த்துக் கூச்சப்பட்டார்.

"சாமிக்கு வச்ச சாமான் தங்கச்சி. அத நான் சுரண்டி எடுத்தேன் எண்டு எப்பிடிச் சொல்ற? உங்கட மனசு நொந்துரும். அடுத்த வெள்ளிக்கிழம வைக்க மாட்டீங்க எண்டு பாத்தேன். நீங்க விடல்லயே."

"இன்னும் கூட அப்பினேன்."

"ஓ. மூணாம் முற கல்லு மாதிரி ஈந்திச்சி."

பயல்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எடுத்தத என்ன செஞ்சீங்க நானா?"

அவர் ஜம்பு மரத்தின் பின்பக்கத்தைக் காட்டினார். "அந்த அடியில போட்டேன். ஆக்கள் கால் வைக்காத எடம்."

அவ்வளவுதான், எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டுப் பேர் முன்னால் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். தாஸிம் நானா பதறிப்போய், என்ன செய்வது என்று தெரியாமல், கிறீஸ் துணியை என்னிடம் நீட்டினார். பிறகு சீட்டைத் தூக்கி, ஓரத்தில் ஒரு தகட்டைத் துடைத்துக் காட்டினார்.

"இங்கன வைங்க தங்கச்சி. இது சுத்தாது."

"அது கெடக்கட்டும். நீங்க இப்ப என்னைய ஏசணும் நானா. மூணு சனிக்கிழம ஏசியிருக்கேன், ஒரு தடவையாவது திருப்பி ஏசுங்க. இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது."

"அல்லாவே! என்ன கத இது."

"ஏசுங்க!" என்று நான் போட்ட அதட்டலில் ஜம்பு மரத்துக் காகம் எழும்பிப் பறந்தது.

அவர் கையைத் துடைத்தார், நெற்றியைத் துடைத்தார். யோசித்தார். பாவம், யாரையும் ஏசிப் பழக்கம் இல்லை.

"அந்த பெல்ட் கத்தினது சனிக்கிழம மட்டுந்தான் தங்கச்சி," என்றார் மெதுவாக. "நீங்க ஏழு நாளும்."

எட்டுப் பேரும் கராஜ் தகரம் அதிரச் சிரித்தார்கள். எல்லாரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. தாஸிம் நானா, தான் சொன்னதை நினைத்துத் தானே பயந்துபோய், பிறகு அவரும் சிரித்துவிட்டார். பழனியாண்டி தன் த்ரீவீலை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தான்.

"நானா, ஏசி முடிஞ்சா நம்ம பிரேக்க கொஞ்சம் பாருங்க."

"பொறுடா, நானா இன்னும் முடிக்கல," என்றேன். "இன்னொண்ணு ஏசுங்க நானா."