சூடாக ஊதிய ஏ.சி.

ஞானராஜ் விழுப்புரம் வந்தது காரைச் சரிசெய்ய மட்டும் அல்ல. ராயப்பன் திருடன் என்று இன்னொரு மெக்கானிக் வாயால் கேட்க வந்தான்.

ராயப்பன் அவன் மனைவி பிரின்சியின் அண்ணன். திண்டிவனத்தில் கார் ஏ.சி. கடை வைத்திருக்கிறான். ஞானராஜிடம் பதினொரு வருடப் பழைய டீசல் கார் ஒன்று இருந்தது. அதை வாடகைக்கு ஓட்டினான். கூலிங் குறைந்ததும் மார்ச் மாதம் ராயப்பன்தான் கேஸ் ஏற்றினான். அப்போதும் காற்று வெதுவெதுப்பாகவே வந்தது.

"ஒரு நாள் வண்டிய உடு மாப்ள. டேஷ்போர்டக் கழட்டிப் பாக்கணும்" என்றான் ராயப்பன்.

ஞானராஜ் விடவில்லை. கல்யாண சீசன். தினமும் சவாரி இருந்தது.

மே மாதம் சென்னை போகும்போது ஒரு பெரியவர் மேல்மருவத்தூரிலேயே இறங்கிக்கொண்டார். "ஏ.சி. வண்டின்னு சொல்லி இட்லிப் பானையில ஒக்கார வச்சிட்டியேப்பா" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. கோயில் வாசலிலேயே ஞானராஜ் ராயப்பனை நிறுத்தினான்.

"கேஸுன்னு சொல்லி வெறும் காத்த ஏத்தி அனுப்பிக்கிற. தங்கச்சி புருஷன்கிட்டயே திருடுறியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா? திருட்டுப் பய."

முப்பது பேராவது நின்றிருப்பார்கள். ராயப்பன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனான்.

குழந்தை வெனிலாவுக்கு ஐந்து மாதம். அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம். அன்று குழந்தையைக் கையில் ஏந்தும் ஞானத்தகப்பன் என்று ராயப்பனின் பெயரைக் கொடுத்திருந்தார்கள். ஞானராஜ் கோயில் சாமியாரிடம் போய் அதை அடித்துவிடச் சொல்லி, நண்பன் ஆன்டனியின் பெயரைக் கொடுத்தான்.

அன்றிலிருந்து பிரின்சி அவனிடம் பேசவில்லை. சொல்ல வேண்டியதைக் குழந்தையிடம் சொன்னாள்.

"உங்கப்பாவுக்கு சோறு வச்சிக்கிறேன்னு சொல்லு பாப்பா. எங்கண்ணன் உன்னத் தூக்கலன்னா நான் கோயிலுக்குள்ள வர மாட்டேன்னும் சொல்லு."

ஞானராஜ் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். அது புதன்கிழமை. மறுநாள் காலையில் விழுப்புரம் கிளம்பினான்.

மெக்கானிக் கோதண்டபாணியின் ஷெட்டில் ஞானராஜைத் தவிர வேறு வாடிக்கையாளர் இல்லை. அவன் பேனட்டைத் தூக்கியதுமே செல்போனில் ரெகார்டிங்கைப் போட்டான்.

"கேஸ் இருக்குதா பாருங்க. இல்லன்னா இல்லன்னு இதுல சொல்லுங்க."

"இன்னாத்துக்கு? கோர்ட்டுக்கா?"

"ஊட்டுக்கு."

"அது பெரிய கோர்ட்டாச்சே" என்றார் கோதண்டபாணி.

மீட்டரை மாட்டினார். எஞ்சினை ஓடவிட்டார். முள்ளைப் பார்த்தார். ஏ.சி. பைப்பைத் தொட்டுவிட்டு, ஞானராஜின் கையை இழுத்து அதன்மேல் வைத்தார். பைப் சில்லென்று இருந்தது. மேலெல்லாம் தண்ணீர் முத்து முத்தாக நின்றது.

"கேஸ் ஃபுல்லா இருக்குது. ஏத்துனவன் கரெக்டா ஏத்திக்கிறான்."

செல்போன் அதையும் பதிவுசெய்தது.

"அப்பறம் ஏன் சூடா வருது?" ஞானராஜ் கத்தினான்.

"என்னாண்ட ஏன் கத்துற? நானா ஊதறேன்?"

கோதண்டபாணி எஞ்சின் பக்கம் ஒரு ரப்பர் ஹோஸைப் பிளேயரால் நெரித்துப் பிடித்தார். அது ஹீட்டருக்குச் சுடுதண்ணீர் போகும் ஹோஸ். ஞானராஜை உள்ளே உட்காரச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் காற்று சில்லிட்டது.

"ஏ.சி.யும் ஹீட்டரும் ஒண்ணா ஓடிக்கினு இருந்துக்கிது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கதவு உண்டு. அது மூடல. டேஷ்போர்டக் கழட்டணும்."

ராயப்பன் கேட்டதும் அதைத்தான்.

கழற்ற இரண்டு மணி நேரம் ஆனது. கோதண்டபாணி நீள மூக்குக் குறடை உள்ளே விட்டு, கதவின் இடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்தார். மூன்று குருத்தோலைச் சிலுவைகள். காய்ந்து பழுப்பாகியிருந்தன.

குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையில் ராயப்பன் வீட்டுக்கு வீடு சிலுவை பின்னிக் கொடுப்பான். அந்தப் பங்குக் கோயிலிலேயே அவன் பின்னுகிற மாதிரி யாருக்கும் வராது. காருக்கென்று தனியாக ஒன்று பின்னி, "கண்ணாடியில கட்டித் தொங்க உடு மாப்ள" என்பான். ஞானராஜ் கட்ட மாட்டான். முன்கண்ணாடிக்குக் கீழே காற்று வரும் சந்தில் செருகிவிடுவான். மறுவருடம் விபூதிப் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பலுக்காகப் பழைய ஓலையைக் கோயிலில் எரிக்கக் கேட்பார்கள். மற்றவர்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இவன் தேடினால் இருக்காது. ஜன்னல் வழியாகப் பறந்திருக்கும் என்று விட்டுவிடுவான். மூன்று வருடமாக இப்படித்தான்.

திண்டிவனம் வரும்வரை காருக்குள் குளிர்ந்தது. ஞானராஜின் காது சுட்டது. நேராக ராயப்பன் கடைக்குப் போய் மூன்று சிலுவைகளையும் மேஜையில் போட்டான்.

"பாரு. நீ பின்னுனதுதான். இதுதான் உள்ள போய் அடச்சிக்கினு இருந்துக்கிது."

ராயப்பன் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "நான்தான் பின்னுனேன். அங்க சொருவுனது யாரு?"

ஞானராஜ் பதிலுக்குச் செல்போனை எடுத்து ஓடவிட்டான். கேஸ் ஃபுல்லா இருக்குது. ஏத்துனவன் கரெக்டா ஏத்திக்கிறான்.

"போதுமா?"

"போன் சொல்லுது. நீ சொல்லு."

"கடைக்கே வந்துக்கிறேன். இன்னும் இன்னா பண்ணணும்? கால்ல உழணுமா?"

"கால் வாணாம். எங்க நின்னு திருட்டுப் பயன்னு சொன்ன? அங்கயே நில்லு. அதே சத்தத்துல சொல்லு. முடியாதுன்னா ஆன்டனியே புள்ளையத் தூக்கட்டும்."

"தூக்கட்டும்!" ஞானராஜ் கார் கதவை அறைந்து சாத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்தது. அடுத்து ஞானஸ்நானம். பிரின்சி குழந்தையுடன் கோயில் வாசல்வரை வந்தாள். படி ஏறவில்லை. ஆன்டனி புதுச்சட்டையில் மெழுகுவர்த்தியோடு நின்றான். சாலைக்கு அந்தப் பக்கம் ராயப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். உள்ளிருந்து மணி அடித்துக் கூப்பிட்டார்கள். குழந்தை அழுதது.

ஞானராஜுக்கு எல்லார்மேலும் ஆத்திரமாக வந்தது. வெளியே வந்துகொண்டிருந்த கூட்டம், ஆன்டனியின் சட்டை, மணியடிப்பவன். போன வாரம் நின்ற அதே இடத்துக்குப் போனான்.

"ராயப்பன் திருடல! கேஸ் ஃபுல்லா இருந்துது! நான்தான் தப்பா சொல்லிட்டேன்! எல்லாருக்கும் கேட்டுதா?"

திட்டுவதுபோலத்தான் இருந்தது. ஒரு பெண் தன் பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"இன்னா கேஸு? சிலிண்டரா?" என்று யாரோ கேட்டார்கள்.

"உன் வேலையப் பாருய்யா!" என்று ஞானராஜ் அவர்மேல் பாய்ந்தான்.

ராயப்பன் சாலையைக் கடந்து வந்தான். ஞானராஜைப் பார்க்கவில்லை. ஆன்டனி மெழுகுவர்த்தியை ராயப்பனிடம் கொடுத்தான். பிரின்சி குழந்தையைக் கொடுத்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"வண்டி வெயில்ல நிக்குது. நெழல்ல உட்டுட்டு ஜல்தி உள்ள வாங்க" என்றாள், அவனிடமே.