தீவுச் செடிக்கு ஒரு துணை

கணினித் திரையில் முடிவு வந்ததும் துஷானிக்குச் செடியைவிடக் கணவன் சேயோனின் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

ஹனோவரில் அவளுக்கு மரபணு ஆய்வுகூடத்தில் வேலை. அருகிலிருந்த தாவரத் தோட்டத்தின் கண்ணாடி வீட்டைப் பார்ப்பவன் சேயோன். அத்திலாந்திக் தீவொன்றில் அழிந்துவரும் ஓரினத்தின் இரண்டே செடிகள் மிஞ்சியிருந்தன, ஒன்று மலையில், மற்றது பள்ளத்தாக்கில். மூன்றாவதை அவன் இங்கே விதையிலிருந்து வளர்த்திருந்தான். ஒரே ஒரு தடவை பூத்துவிட்டுக் காய்ந்துபோகும் சாதி அது. இப்போது பூத்துவிட்டது. தீவுச் செடிகள் இரண்டின் மகரந்தமும் குளிர்பெட்டியில் வந்திருந்தது. எது இதற்கு உறவில்லாதது என்று துஷானி சொல்லவேண்டும். கூடப்பிறந்ததோடு சேர்த்தால் விதை நோஞ்சானாகத்தான் முளைக்கும். அத்தோடு அந்த இனமே போய்விடும்.

அவள் கண்ணாடி வீட்டுக்கு ஓடினாள்.

"பள்ளத்தாக்குச் செடிதானப்பா சரி. மலையில நிக்கிறது எங்கட செடியின்ர கூடப்பிறந்தது."

சேயோன் தண்ணீர்க் குழாயை மெல்லக் கீழே வைத்தான்.

"நான் நேற்றே மலைச்செடியின்ர மகரந்தத்தைத் தடவிப்போட்டன்."

"என்ன செய்தனீங்கள்?"

"பூ வாடத் தொடங்கீட்டுது. எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டிருக்கிறது? எங்கட விதை அந்தப் பள்ளத்தாக்கில எடுத்ததுதானே. பக்கத்தில நிக்கிறதுதான் சொந்தமெண்டு நினைச்சன்."

"உங்கட அக்கா எங்க இருக்கிறா?"

"ரொறன்ரோவில."

"எங்களுக்குப் பக்கத்து வீட்டில?"

"போலந்துக்காரர்."

"எட்ட இருந்தாச் சொந்தமில்லையெண்டு எங்கட ஆக்களே நம்பினா ஆரப்பா என்ன செய்யிறது."

அவனுக்கு வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. தண்டின் நுனியில் மூன்று மொட்டுகள் விரியாமல் இருந்தன. அவற்றுக்குச் சத்துப் போகவேண்டுமானால் கீழேயுள்ள பூக்களையெல்லாம் வெட்டவேண்டும்.

"உம்மட சோதனை பிழைச்சுதெண்டா?"

வழி முழுக்க அவளும் அதைத்தான் தன்னிடம் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"ரெண்டு தரம் செய்தனான். ஒரே முடிவுதான் வந்தது. அதுக்குமேல எனக்குச் சொல்ல ஏலாது."

அவன் கத்தரிக்கோலை எடுத்தான். குழந்தைக்கு முதல் முடி இறக்குகிறவனைப்போல ஒவ்வொரு பூவாகப் பார்த்துப் பார்த்து வெட்டினான். அவள் தட்டை ஏந்தி நின்றாள்.

மறுநாள் மொட்டுகள் விரிந்தன.

"நான் ஒருக்காப் பிழை விட்டிட்டன். நீர் தடவும்," என்றான்.

அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, பள்ளத்தாக்கின் மகரந்தத்தை அவள் தூரிகையால் தடவினாள்.

பிறகு ஒரு பூ உதிர்ந்தது. இரண்டாவதும் உதிர்ந்தது. வீட்டில் சமைத்தது அப்படியே ஆறியது. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் துஷானி முதல் மணியிலேயே எடுத்தாள். ஒரு நாள் ஆய்வுகூடத்துக்குச் சேயோனின் அழைப்பு வந்தது.

"துஷானி, ஒருக்கா வாரும்."

"அதுவும் விழுந்திட்டுதா?"

"இல்லை. பூவின்ர அடி தடிக்கிற மாதிரிக் கிடக்கு, காய் பிடிக்குதுபோல. தனியப் பாக்கப் பயமாயிருக்கு, வாரும்."

மேசையில் எல்லாவற்றையும் போட்டபடி போட்டுவிட்டு அவள் ஓடினாள்.