ஒரு வாய், மூன்று சாட்சி

...தொண்ணூற்றுநான்கு என்றுதானே வந்தது, நூற்றுக்குத் தொண்ணூற்றுநான்கு, மூன்று வாரமாக அந்த எண் என்னோடு குளிக்கிறது, சாப்பிடுகிறது, இப்போது இந்த மருத்துவமனை பெஞ்சில் எனக்கும் இவருக்கும் நடுவில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருக்கிறது. இவர் என் வீட்டுக்காரர். கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார், அதனால் எங்கே போனாலும் மனிதர்களைப் பார்ப்பதில்லை, அவர்கள் மூக்கைத்தான் பார்ப்பார். "அந்தம்மா ஃபிரேம் கோணல், ரெண்டு நிமிஷத்துல நிமித்திருவேன்" என்று என் காதில் கிசுகிசுக்கிறார். இவர் ஈரலிலிருந்து ஊசியால் எடுத்த சதைத் துணுக்கு புற்றா இல்லையா என்று உள்ளே அறைக்குள் தெரிந்திருக்கும், இவருக்குக் கோணல் ஃபிரேம் கவலை... எப்படி இவரால் முடிகிறது?

எனக்கு முடியவில்லை, நான்தான் கணக்குப் போட்டுவிட்டேனே, பிழைப்பே அதுதானே. லிஃப்ட் நின்றுபோனால் கதவா, கம்பியா, மின்சாரமா, எதன்மேல் எவ்வளவு சந்தேகம் என்று வட்டம் போட்டு, எது எதிலிருந்து வந்தது என்று அம்பு இழுத்து, புதுத் தகவல் வரவர சந்தேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வேலை. அதே கைதான் வீட்டிலும் ஓடியது. இவரைப் போல ஆயிரம் பேர், அதில் ஐந்து பேருக்கு நிஜமாகவே இருக்கும், இரத்தப் பரிசோதனை அந்த ஐந்து பேரையும் பிடிக்கும், கூடவே ஒன்றுமில்லாத ஐம்பது பேரையும் 'இருக்கு' என்று பயமுறுத்தும், ஆக ஐம்பத்தைந்தில் ஐந்து, பதினொன்றில் ஒன்று, அதுவரை நன்றாகத்தான் தூங்கினேன். பிறகு குடும்ப டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்து "எனக்கும் அப்படித்தாம்மா படுது" என்றார், பாதிக்குப் பாதி. ஸ்கேனில் நிழல் என்றார்கள், தொண்ணூற்றுநான்கு. மூன்று சாட்சி, மூன்றும் ஒரே பேச்சு, அப்புறம் என்ன இருக்கிறது?

சற்றுமுன் ஸ்கேன் எடுத்தவர் டீ டம்ளரோடு அந்தப் பக்கம் வந்தார், முகம் ஞாபகம் வைத்து நின்றார், நல்ல மனிதர். "டாக்டர் சந்தேகம்னு எழுதி அனுப்பியிருந்தாரும்மா, அதான் விடாம தேடினேன். எழுதலேன்னா அந்த நிழலை நான் கண்டுக்கவே மாட்டேன், பாதிப் பேருக்கு இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அப்படியானால் டாக்டர்? அவரும் இரத்த அறிக்கையைப் படித்துவிட்டுத்தானே வயிற்றில் கை வைத்தார், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அறிக்கையைக் கேட்டு டாக்டர் சொன்னார், டாக்டரைக் கேட்டு ஸ்கேன் சொன்னது, மூன்று சாட்சியா இது, ஒரே வாய். லிஃப்டில் சத்தம் வந்ததாக நாலு குடித்தனம் புகார் சொன்னால், நாலு பேரும் காதால் கேட்டார்களா, வாட்ச்மேன் சொல்லிக் கேட்டார்களா என்று முதலில் விசாரி என்று அலுவலகத்தில் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன், ஊருக்குத்தான் உபதேசம். தனித்தனியாகப் பெருக்கிவிட்டேனே, பைத்தியக்காரி... அம்பை ஒழுங்காக இழுத்தால் அந்த எண் சரசரவென்று இறங்கி, பதினொன்றில் ஒன்றுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. இன்னும் பயம்தான், ஆனால் மூச்சு விடக்கூடிய பயம். அந்த டீ டம்ளருக்கு ஒரு கும்பிடு, தேடிப் பார் என்று எழுதிய டாக்டருக்கும் ஒரு கும்பிடு, நம்மை விட்டுவிடாமல் தேடினார்களே, அதுவே பெரிது.

கூப்பிட்டார்கள். பெரிய டாக்டரம்மா எங்களை உட்காரச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டார், "ஒண்ணுமில்ல, கொழுப்பு சேர்ந்திருக்கு, அவ்வளவுதான். எண்ணெயைக் குறைங்க, நடங்க." அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டேன், விட மனம் வரவில்லை, நன்றி என்று எத்தனை தரம் சொன்னேனோ. இவர் சிரித்தபடி கும்பிட்டார், கதவைச் சாத்தினார், நாலு படி இறங்கினார், ஐந்தாவது படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்னங்க, என்னங்க என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஒண்ணுமில்ல, மூணு வாரமா தூங்கல" என்றார். பொய், நான் பக்கத்தில்தானே படுத்திருந்தேன், குறட்டை கேட்டதே. "நீ முழிச்சுக்கிட்டு இருக்கேன்னு தெரிஞ்சா குறட்டை விடுவேன், அப்பதான நீ கண்ணை மூடுவ."

நான் அந்தக் குறட்டையையும் சாட்சியாக வைத்திருந்தேன். இவருக்குப் பயமில்லை, உடம்பு எதையாவது சொல்லியிருந்தால் இப்படித் தூங்குவாரா என்று, இருட்டில் அதைப் பிடித்துக்கொண்டுதான் விடியும்வரை கிடந்தேன். அதுவும் தனிச் சாட்சி இல்லைதானா, அந்த அம்பும் என் பயத்திலிருந்துதான் கிளம்பியதா... படியில் ஏறுகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள், இவர் தலை என் தோளில் கனக்கிறது, எனக்கு நெஞ்சு கொள்ளாத நன்றி, யாருக்கென்று சொல்வது. சரி, இந்த மூன்று வாரம் இப்படி. என் அம்மா போனபோது, கடை மூழ்கப் பார்த்த வருஷம், பெண்ணுக்குக் காய்ச்சல் இறங்காத அந்த ராத்திரி... அப்போதெல்லாமும் பக்கத்தில் குறட்டை கேட்டுக்கொண்டுதானே இருந்தது?