மூன்றாவது சந்தின் முப்பது வீடுகள்

காலை எட்டு மணி. வெள்ளைச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள் நர்ஸ். அவள் வேலை பார்க்கும் சுகாதார நிலையத்தில் புதன்கிழமைதோறும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி. நாற்பது குழந்தைகளுக்குத்தான் மருந்து வருகிறது. வாசலில் நிற்பதோ எழுபது.

“பத்து மணிக்கெல்லாம் மருந்து காலி. அப்புறம் வர்றவங்களைச் சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பியே என் தொண்டை கட்டிப்போச்சு. நாற்பதுன்னு எந்தப் புண்ணியவான் எழுதிக் குடுத்தானோ!”

“ஏசி ரூம்ல உக்காந்து எழுதறவனுக்கு என்ன தெரியும்?” என்றான் அவள் கணவன், ஷூவின் நாடாவைக் கட்டியபடி. “தெருவுல இறங்கி நாலு வீடு ஏறி இறங்கியிருந்தாத்தானே!”

தெருவில் இறங்கி வீடு வீடாக ஏறுவதுதான் அவனுடைய வேலை. புள்ளிவிவரத் துறையில் களப்பணியாளன். நாட்டுக்குள்ளேயே யார் எந்த ஊரை விட்டு எந்த ஊருக்குக் குடிபோகிறார்கள் என்று ஆண்டுதோறும் மாதிரிக் கணக்கெடுப்பு ஒன்று நடக்கும். பட்டியலில் உள்ள வீடுகளுக்குப் போய், ‘போன வருஷம் இதே நாள் எங்க குடியிருந்தீங்க?’ என்று கேட்டு எழுத வேண்டும். நான்கு நாள் வேலையை ஒரே நாளில் முடிப்பதால் அலுவலகத்தில் அவனுக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். அந்தப் பெயரில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அன்று அவனுக்குக் கிடைத்தது துணி ஆலைக்குப் பின்னால் இருக்கும் மூன்றாவது சந்து. முப்பது வீடுகள். நான்கு வீடுகளுக்குப் போனான், நான்கிலும் பூட்டு. முனையில் நின்றிருந்த வீட்டுச் சொந்தக்காரர், “எல்லாம் பழைய ஆளுங்கதான், அப்படியே எழுதிக்கிட்டுப் போங்க” என்றார். பத்துப் பன்னிரண்டு அறைகளை வாடகைக்கு விட்டிருக்கும் விஷயம் தாளில் ஏறினால் வரி கூடிவிடுமே என்ற பயம் அவருக்கு. எக்ஸ்பிரஸுக்கு அதைத் துருவும் பொறுமை இல்லை. எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான். முப்பது படிவங்களிலும் ‘இதே வீடு’ என்று எழுதி முடித்தபோது இரண்டாவது டீகூட ஆறவில்லை. போன வருஷமும் இந்தச் சந்தின் கணக்கை அவன் இப்படித்தான் முடித்திருந்தான்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, மதிப்பீட்டு அலுவலர் அவனைக் கூப்பிட்டார். வந்து சேரும் படிவங்களை வைத்து மொத்த நகரத்துக்கும் கணக்குப் போடுபவர் அவர்தான். மேசை முழுக்கத் தாள்கள்.

“உக்காருங்க சார். ஒரு சந்தேகம். ஆலைப் பக்கம் பள்ளிக்கூடத்துல ஒண்ணாம் வகுப்புக்கு மட்டும் நூறு பிள்ளைங்க கூடியிருக்காங்க. ஒரு நடை போன குப்பை லாரி இப்ப ரெண்டு நடை போகுது. ஆனா உங்க ஃபாரத்துல வெளியூர்லருந்து ஒருத்தர்கூட வரல. எல்லா வீட்டுக்கும் போனீங்கதானே?”

“போகாம எப்படி மேடம் எழுத முடியும்?” வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“அப்ப சரி. எதுக்குக் கேட்டேன்னா, நீங்க எழுதற ஒரு வீடு இருநூறு வீட்டுக்குப் பதில் சொல்லுது. வெள்ளிக்கிழமை இந்தக் கணக்கு சுகாதாரத் துறைக்குப் போகணும். வருஷா வருஷம் அதை வச்சுத்தான் எந்தப் பகுதிக்கு எத்தனை தடுப்பூசின்னு முடிவு பண்றாங்க.”

 மனைவி தேடிக்கொண்டிருந்த அந்தப் புண்ணியவான் யார் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

எழுந்து நேராகச் சுகாதார நிலையத்துக்குப் போனான். அங்கே மருந்து தீர்ந்திருந்தது. மனைவி ஒரு பெண்ணிடம் கைகூப்பாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் தோளில் ஒரு குழந்தை வாயில் விரலைப் போட்டபடி எல்லோரையும் பார்த்துச் சிரித்தது.

“மூணாவது தடவையா வர்றேன் சிஸ்டர். ஒவ்வொரு தடவையும் ஷிஃப்ட்ல கெஞ்சிக் கூத்தாடினாத்தான் விடுறாங்க.”

“எங்கம்மா குடியிருக்கீங்க?” என்று கேட்டான்.

“ஆலைக்குப் பின்னாடி மூணாவது சந்துண்ணே. வந்து எட்டு மாசம் ஆச்சு. அந்தச் சந்துல முக்கால்வாசி வெளியூருதான். ஆறு மணிக்குப் பூட்டிட்டுப் போனா, சாயங்காலம்தான் திறப்போம்.”

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குழந்தையின் முகத்தைப் பார்ப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மனைவியை ஓரமாக அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கையுறையைக் கழற்றியபடி, “அடப்பாவி மனுஷா” என்று மட்டும் சொன்னாள். பிறகு, “இன்னும் ரெண்டு நாள் இருக்குல்ல? போங்க” என்றாள்.

அலுவலரிடமும் மறைக்கவில்லை. அவர் முப்பது புதுப் படிவங்களை எடுத்துக் கொடுத்தார். “விளக்கம் கேட்டு மெமோ வரும் சார். என்னால தடுக்க முடியாது.”

“வரட்டும் மேடம்.”

வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்கே சந்தில் நின்றான். குளித்த தலையோடு, பல்துலக்கும் பிரஷோடு, சாப்பாட்டு டப்பாவோடு மனிதர்கள் பதில் சொன்னார்கள். “நேத்து வரைக்கும் எங்களை ஒருத்தரும் கேட்டதில்லை சார்” என்று ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். ஓர் அறையில் மூன்று அக்கா தங்கைகள், மூன்று ஊரிலிருந்து. இன்னொன்றில் ஒரு வாரத்துக்கு முன்பு வந்து, சாமான்கூடப் பிரிக்காத புதுக் கல்யாண ஜோடி. வீட்டுச் சொந்தக்காரர் முறைத்துக்கொண்டு வந்தபோது, “இதுக்கும் வரிக்கும் சம்பந்தமே இல்லைங்க. இங்க மருந்து வரணும்ல?” என்றான். அவர் முணுமுணுத்தார், ஆனாலும் கடைசி நான்கு கதவுகளை அவரே தட்டித் திறக்க வைத்தார். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்தவர்களையும் பிடித்து, வெள்ளிக்கிழமை காலையில் முப்பதையும் முடித்தான். இருபத்து மூன்று குடும்பங்கள் ஒரு வருஷத்துக்குள் வந்தவை.

மெமோ வந்தது. அந்த வருஷச் சம்பள உயர்வு தள்ளிப்போனது. இரண்டு மாதம் கழித்துச் சுகாதார நிலையத்துக்குத் தொண்ணூறு குழந்தைகளுக்கான மருந்து வந்தது, உதவிக்கு இன்னொரு நர்ஸும் வந்தார். அந்தப் புதன்கிழமை மனைவி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிட்டாள். “அந்தச் சிரிச்ச குழந்தை இருக்கே, ஊசி போட்டதும் ஊரையே கூட்டிடுச்சு” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இருவரும் நெடுநாளைக்குப் பிறகு நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அடுத்த கணக்கெடுப்பின்போது சக களப்பணியாளர் ஒருவர் அவனைச் சீண்டினார். “என்னய்யா எக்ஸ்பிரஸ், இப்பல்லாம் முப்பது வீட்டுக்கு அஞ்சு நாள் எடுக்குறியாம்? பூட்டியிருந்தா ‘இதே வீடு’ன்னு எழுதிட்டுப் போக வேண்டியதுதானே?”

“பூட்டுன வீட்டுக்குள்ளயும் ஒரு குடும்பம் இருக்குய்யா. கேக்காம நாம எழுதுனா, அவங்களை இந்த ஊர்லயே இல்லாம பண்ணிடறோம். அப்புறம் அவங்க பிள்ளைக்கு மருந்தும் இருக்காது, பள்ளிக்கூடத்துல இடமும் இருக்காது. நம்ம சோம்பேறித்தனத்துக்கு அந்தப் பிள்ளை ஏன்யா அழணும்?” என்று சொல்லிவிட்டு, படிவக் கட்டை எடுத்துக்கொண்டு நடந்தான்.