மேசையில் சொல்லக் கூடாதது

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் தொடங்கியது. சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

"டுலூத் துறைமுக நகரில் நல்ல மருத்துவர் ஒருவர் இருந்தார்" என்று எழுதினேன். 'நல்ல' என்பதை அடித்தேன். மறுபடி சேர்த்தேன். சிக்னி ஹேகன் நல்ல மருத்துவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தில், காட்டரிசிச் சோற்றைப் பரிமாறிக்கொண்டே, குடல் பரிசோதனைக்கு மயக்கம் கொடுத்திருந்த துறைமுகத் தொழிலாளி ஒருவர் உளறியதைப் பெயர் சொல்லாமல் நடித்துக் காட்டினார்.

[அந்த வாக்கியம் இங்கே இருந்தது. இறந்துபோன மனைவியிடம் பேசுவதாக நினைத்து அவர் சொன்னது. எடுத்துவிட்டேன்.]

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன்.

2

அந்த மேசையில் இருந்த ஒரு பெண்ணின் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மூன்றே நாளில் துறைமுகம் முழுக்க அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சிரித்தது. அது யார் பேச்சு என்றும் தெரிந்துபோயிற்று. மயக்கத்தில் அதைச் சொன்ன டேல் கிவெலா குடலிலிருந்து கட்டிகளை அகற்றிக்கொண்டவர். ஓராண்டில் மறுபரிசோதனைக்கு வந்திருக்க வேண்டும். மூன்றாண்டாகியும் வரவில்லை.

காரணம் சிக்னிக்குத் தெரியாது என்று முதலில் எழுதியிருந்தேன். பொய். தெரியும். தெரிந்துகொண்டே வேறு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

3

இந்த மார்ச்சில் மருத்துவர் சங்கத்திலிருந்து திருத்திய நெறிமுறைகள் வந்தன. பெயரை மறைத்தாலும், ஆளை அடையாளம் காண முடியுமென்றால் நோயாளியைப் பற்றி எங்கும் பேசக் கூடாது, நண்பர்களோடு சாப்பிடும்போதும்கூட. படித்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும். சிக்னியால் போட முடியவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"டேல் வீட்டுக்குப் போறேன். நீயும் வா. நீதான் ரொம்பச் சிரிச்ச."

4

டேல் எங்களை உட்காரவைத்துக் காபி ஊற்றினார்.

"விதி மாறிடுச்சுன்னு வந்தீங்களா, டாக்டர்?"

"ஆமா. அதுக்கு முன்னாடியே வந்திருக்கணும்."

"இவர் யாரு?"

"அன்னிக்கு மேசையில இருந்தவர்."

அவர் என்னைப் பார்த்தார். "சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன்."

"வேற ஆளைப் பத்தின்னா நானும் சிரிச்சிருப்பேன். ஆனா அது நான் அவகிட்ட மட்டும் சொல்ற பேச்சு. இப்ப மனசுக்குள்ள சொன்னாக்கூட கிரேன்காரன் குரல்ல கேக்குது."

சிக்னி தலை நிமிரவில்லை. "மன்னிச்சிடுங்க, டேல். என்கிட்ட வர வேண்டாம். வேற டாக்டர் நம்பர் இந்தச் சீட்டுல இருக்கு. டெஸ்ட்டை மட்டும் தள்ளிப்போடாதீங்க."

டேல் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "காபி ஆறுது" என்றார்.

(இதை எழுதலாமா என்று பின்னர் டேலிடமே கேட்டேன். "பேரை மாத்துங்க, ஊரை மாத்துங்க. அவகிட்ட சொன்னதை மட்டும் எழுதாதீங்க" என்றார். ஆகவே இது டுலூத் அல்ல.)

5

டேல் பரிசோதனைக்குப் போனார், ஒன்றுமில்லை என்று கதைக்கு ஒரு முடிவு எழுதினேன். அது எங்களை நாங்களே மன்னித்துக்கொள்வது. நோய் முற்றிவிட்டது என்று இன்னொன்று எழுதினேன். அது எங்கள் தப்புக்கு அவரைத் தண்டிப்பது. இரண்டையும் கிழித்தேன்.

போன வாரம் சிக்னியிடமே கேட்டேன். "டேல் போனாரா?"

"அதை உன்கிட்ட சொல்ல மாட்டேன்."

காது சூடாகிவிட்டது. கதைக்கு முடிவு வேண்டுமென்றுதான் கேட்டிருந்தேன். டேல் எப்படி இருக்கிறார் என்று கேட்கவே இல்லை.

வாசகரே, நீங்களும் முடிவைக் கேட்காதீர்கள்.