சீட்டில் முதல் பெயர்

"காய்ச்சிடுச்சு! ஏய், இங்க ஓடி வா! காய்ச்சிடுச்சு!"

விடிந்தும் விடியாத அந்த வேளையில் தெருவே எழுந்து உட்கார்ந்தது. ஆனால் யாரும் பயப்படவில்லை. கத்தியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். பம்புசெட் பழுதுபார்க்கும் மெக்கானிக் அவர். மோட்டார் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசியே தொண்டை அப்படி ஆகிவிட்டது. தெரு அவருக்கு வைத்த பெயர் மைக்செட். அவர் மனைவிக்குத் தெரு தனியாகப் பெயர் எதுவும் வைக்கவில்லை. மைக்செட் வீட்டம்மா என்றால் ஆயிற்று.

வீட்டம்மா தையல் மெஷினை விட்டு எழுந்து, பாதி தைத்த சின்னத் துணிப்பையும் கையுமாகப் பின்பக்கம் வந்தாள். அங்கே காலி மனையில் இரண்டு பந்தல்கள். இரண்டிலும் ஒரே நாளில்தான் பீர்க்கை விதை போட்டார்கள். கடையில் வாங்கிய விதை முளைத்த பந்தலில் இலையும் சுருளும் ஆண் பூவுமாக இருந்தனவே தவிர, காய் என்று ஒன்றைக் காணோம். மற்றதில் அவர்களே இரண்டு ரகங்களை இணைத்து உண்டாக்கிய கலப்பின விதை. அதில் முழங்கை நீளத்துக்குக் காய்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

ஒரு வாரமாக வெளியூர் வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்த மைக்செட், பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"நீ பாத்தியா? எப்போ பாத்தே?"

"நாலு நாளா பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நீங்களே வந்து பாக்கட்டும்னுதான் போன்ல சொல்லல."

"அடிப்பாவி! எப்படி வாயை அடக்கிக்கிட்டு இருந்தே? எனக்கா இருந்தா வயிறு வெடிச்சிருக்கும்!"

உண்மைதான். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. பல் தேய்ப்பதற்கு முன்பே தெருமுனை வரை போய், "என் பீர்க்கை ஊரையே முந்திடுச்சு, வந்து பாருங்க" என்று வீடு வீடாகக் கதவைத் தட்டினார். விதைக்கடைக்காரர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். காயைத் தடவிப் பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார், நுனியைக் கிள்ளித் தின்றும் பார்த்தார்.

"மெக்கானிக்கு, சந்தைக்கு முதல்ல போற காய்க்குதான்யா விலை! இந்த விதையை உடனே விதைத் துறையில பதிவு பண்ணிடு. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

பதிவு என்ற சொல் வீட்டம்மாவின் காதில் தேனாக விழுந்தது. புது ரகத்தை உருவாக்கியவர் என்று யார் பெயர் பதிவாகிறதோ, அவருக்கு விதைத் துறை தன் சோதனைத் தோட்டத்தில் இடம் கொடுக்கும். அங்கே இருக்கும் நூற்றுக்கணக்கான ரகங்களை எடுத்துப் பழகலாம். அடுத்துப் பாகலில் கை வைக்க வேண்டும் என்று அவள் ரொம்ப நாளாக ஆசையை மனதிலேயே வைத்துப் பூட்டியிருந்தாள். பந்தலும் பூவுமாகக் கிடக்கிறாளே, பைத்தியமா என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கும் அது ஒரு பதிலாக இருக்கும்.

அன்று சாயங்காலம் மைக்செட் ஒரு தகரப் பலகையோடு வீட்டுக்கு வந்தார். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. "புதிய கலப்பினப் பீர்க்கை. உருவாக்கியவர்:" என்று எழுதி, அதன் கீழே தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்.

அவள் பலகையைப் பார்த்தாள்.

"என் பேரையும் ஒரு ஓரமா போடச் சொல்லியிருக்கலாமேங்க."

"நீ வேற நான் வேறயா? என் பேரைப் போட்டா உன் பேரைப் போட்ட மாதிரிதானே?"

"அப்போ என் பேரைப் போட்டா உங்க பேரைப் போட்ட மாதிரிதானே?"

மைக்செட் விழுந்து விழுந்து சிரித்தார். வாய் சாமர்த்தியத்துக்கு ஒன்றும் குறைச்சலில்லை என்று பாராட்டிவிட்டு, ஆணியும் சுத்தியலும் தேடப் போய்விட்டார். அவள் சிரிக்கவில்லை. அது அவர் கண்ணில் படவே இல்லை.

இரண்டு நாள் கழித்து, வெயில் இறங்கியதும் விதைத் துறை அதிகாரி அம்மா வந்தார். பீர்க்கம்பூ சாயங்காலம்தான் விரியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பதிவுப் படிவத்தில் ஒரு தடவை பெயர் ஏறிவிட்டால் பிறகு மாற்ற முடியாது என்றும் வந்தவுடனே சொல்லிவிட்டார். அதற்குள் பாதித் தெரு பந்தலடியில் கூடிவிட்டது. வீட்டம்மா யாரையும் பார்க்காமல் கடைசி வரிசையில் பூக்களுக்குப் பை கட்டிக்கொண்டிருந்தாள். வண்டும் தேனீயும் கண்ட மகரந்தத்தையும் கொண்டுவந்து சேர்த்துவிடாமல் இருக்கத்தான் அந்தத் துணிப்பைகள்.

"எப்படிச் சேர்த்தீங்க, சொல்லுங்க" என்றார் அதிகாரி.

இதைவிட வேறென்ன வேண்டும் மைக்செட்டுக்கு? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"இதோ பாருங்க மேடம், கீழே குட்டிக் காயோட இருக்கே, இது பெண் பூ. விரியறதுக்கு முன்னாடியே பையைப் போட்டுக் கட்டிடணும். விரிஞ்சதும் இன்னொரு கொடியோட ஆண் பூவைக் கொண்டாந்து லேசா தடவணும். திரும்பப் பையைக் கட்டி, இந்தச் சீட்டை மாட்டிடணும். அவ்வளவுதான்!"

பந்தலை ஒட்டி, விதைக்காக விட்டிருந்த குட்டைக் கொடியில் தொங்கிய ஒரு சீட்டை அதிகாரி திருப்பிப் பார்த்தார். "ரெண்டு ரகத்தோட பேர் எழுதியிருக்கு. முதல்ல இருக்கிறது எது?"

"தாய்க்கொடி மேடம்! தாய் பேரைத்தான் முதல்ல எழுதணும். அது இந்தத் தொழிலோட நியாயம். பூவைத் தாங்கி, காயைச் சுமந்து, விதை முத்துற வரைக்கும் காத்து நிக்கிறது தாய்தானே? அப்பன்காரன் வந்தான், ஒரு சிட்டிகை மகரந்தத்தைக் குடுத்தான், போனான். அவன் பேரை முன்னாடி எழுதுனா ஊரு சிரிக்காதா?"

கூட்டம் சிரித்தது. மைக்செட்டும் சிரித்தார்.

"இந்தத் தாய்க்கொடி குட்டையாச்சே, காயும் சின்னதாச்சே. இதை எதைப் பாத்துத் தேர்ந்தெடுத்தீங்க?"

"நானா? நான் இதைப் பிடுங்கிப் போடத்தான் போனேன் மேடம். விரல் கணக்கா காய்க்குது, சனியன், எடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குதுன்னு. அவதான் குறுக்கே வந்து கையைப் பிடிச்சுக்கிட்டா. காய் சின்னதா இருந்தா என்ன, எல்லாத்துக்கும் முந்திக் கீழ்க்கணுவுலேயே பெண் பூ விடுது பாருங்க, நீளமான ரகத்தை அதோட சேர்த்தா ரெண்டும் கிடைக்கும்னா. நீளமான ரகத்தை மட்டும்தான் நான் சந்தையில இருந்து…"

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள் யாரும் மைக்செட் பாதியில் நிறுத்திப் பார்த்ததில்லை.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "சரி, உருவாக்கியவர் பேரைச் சொல்லுங்க."

"சொல்லுய்யா, சட்டுனு" என்று விதைக்கடைக்காரர் முதுகில் தட்டினார்.

மைக்செட்டின் பார்வை ஆணியடித்த பலகைக்குப் போனது. அங்கிருந்து கடைசி வரிசைக்குப் போனது. மூன்று வருஷமாகச் சாயங்காலம் தவறாமல் அங்கே நின்றவள் அவள். பை தைத்தது அவள், பூ பார்த்தது அவள், சீட்டு எழுதியதும் அவள். மழையில் பந்தல் சரிந்தபோது, போகட்டும் விடு என்று இவர் சொல்ல, இடுப்பளவு சேற்றில் நின்று முட்டுக்கொடுத்தவளும் அவள்தான். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. ஒரு கொடிக்குச் சொல்லத் தெரிந்த நியாயத்தை அவளுக்குச் செய்யத் தெரியாமல் போயிற்றே என்று மனது அடித்துக்கொண்டது.

பிறகு அவர் தன் தொண்டையின் முழு பலத்தோடு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவளுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே தெருவுக்கு அன்றுதான் தெரிந்தது.

கையெல்லாம் மஞ்சள் மகரந்தத்தோடு அவள் பதறி ஓடி வந்தாள். "என்னங்க, என்னாச்சு?"

"மேடம் பேர் கேக்கிறாங்க. எழுத்துக்கூட்டிச் சொல்லு."

"உங்க பேரைத்தான் பலகையிலேயே எழுதி வச்சிருக்கீங்களே."

"அதை இப்பவே கழட்டுறேன். மேடம், உருவாக்கினது இவ. முதல்ல இருக்க வேண்டியது இவ பேர்தான். கூட ஒத்தாசைக்கு இருந்தவங்கன்னு ஏதாவது கட்டம் இருந்தா, அதுல என் பேரைப் போடுங்க." அவர் குரல் உடைந்தது, ஆனாலும் தெருமுனைக்குக் கேட்டது. "பொண்டாட்டி உழைப்பை எம்பேர்ல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நீ வேற நான் வேறயான்னு இனிப்பாப் பேசியே அவளை ஏமாத்துனேன். எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க. யார் உழைச்சாங்களோ அவங்க பேரைச் சொல்லணும். சொல்லாம முழுங்கினா அது திருட்டு. வீட்டுக்குள்ளேயே நடந்தாலும் திருட்டுதான்."

கூட்டத்தில் இருந்த ஆண்களில் இரண்டு மூன்று பேர் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் தன் பெயரை மெதுவாக, எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அதிகாரி எழுதி முடித்து, "சோதனைத் தோட்டத்துக்கு எப்போ வர்றீங்க?" என்று கேட்டார்.

"நாளைக்கே வரேன் மேடம்! பாகல்ல ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன். தாய்க்கொடிக்குக்கூட…" என்று அவள் ஆரம்பித்தாள். கண்ணைத் துடைக்கப் போய் மகரந்தம் கன்னமெல்லாம் அப்பிக்கொண்டது. அதைக்கூடக் கவனிக்காமல், எந்தக் கொடி, எந்தக் கணு, எந்தப் பூ என்று மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டே போனாள். மைக்செட் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.