மணிக்கூட்டோடு ஓடுகிற கார்

எங்கள் காரின் டிக்கிக்குள் விரித்திருந்த கம்பளத்தைத் தூக்கிப் பார்த்த ஜெகதீஸ் நிமிர்ந்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சேட்டுப் பைக்குள் போட்டான். பிறகு மறுபடியும் குனிந்து, ஸ்பெயர் ரயரைச் சுற்றிச் சாக்குத்துணியில் பொதிந்து அடுக்கியிருந்த கற்களில் ஒன்றை உருவி வெயிலில் பிடித்தான். தேங்காய் அளவு கல். எங்களுக்குப் பின்னால் கார்கள் வரிசையாக நின்றன. எல்லாருடைய கண்ணும் அந்தக் கல்லில்தான்.

“ஆர் இதை வைச்சது?”

“நான்தான்” என்றேன். “வெறும் வள்ளம் காத்துக்கு ஆடும். கார் மட்டும் ஆடாதோ?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். முழங்கால் கைவிடும்வரை கடலில் நின்றவன் நான். பாரம் இல்லாமல் போன வள்ளம் திரும்பி வந்த கோலத்தைக் கண்டிருக்கிறேன். மகள் ஜொய்சி தனியாக ஓடப்போகிறாள், பின் சீற்றில் ஆளில்லை, டிக்கியில் சாமானில்லை. விடிய எழும்பிக் கடற்கரையில் பொறுக்கி நான்தான் அடுக்கினேன். அவளிடம் கேட்டால் வேண்டாம் என்பாள் என்று கேட்கவில்லை.

ஜெகதீஸ் சிரிக்கவில்லை. அதற்காகவே அவனில் எனக்கு ஒரு சின்ன மதிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருப்பவன், இந்தக் கார் ஓட்டத்தை நடத்துகிற கழகத்துக்கும் அவன்தான் பெரியாள். கல்லை என் கையில் தந்துவிட்டுச் சொன்னான்: “ஐயா, பிள்ளை காரை வெட்டித் திருப்பேக்கை இது சீற்றைக் கிழிச்சுக்கொண்டு வந்து அவவின்ரை பிடரியிலை அடிக்கும். ஒரு தண்ணிப் போத்தில்கூட உள்ளை இருக்கக் கூடாது. இறக்கிப்போட்டுக் கடைசியிலை வாங்கோ.”

ஜொய்சி என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். தாய் பிலோமினம்மா என்றால் அந்த வெட்டைவெளி முழுக்கக் கேட்கக் கத்தியிருப்பாள். இவள் காரை வரிசையிலிருந்து பின்னுக்கு எடுத்து ஓரமாக விட்டு, இறங்கி வந்து, டிக்கியைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஒவ்வொன்றாகத் தூக்கிப் புல்லில் போட்டேன். அவள் ஏற்கெனவே எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்திருந்தாள். குடை, கால் மிதி, காரில் வருகிற ரீச்சர்மார் முகம் துடைக்கிற கடதாசிப் பெட்டி, கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த அந்தோனியார் சுரூபம். என் கல் மட்டும்தான் அவளுக்குத் தெரியாமல் இருந்தது.

அந்தக் கார் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். முழங்கால் போன பிறகு படகையும் இயந்திரத்தையும் விற்றேன். ஆண் பிள்ளை இல்லை. ஜொய்சியின் புருஷன் அப்போது வெளிநாட்டில், பிறகு அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். அவனைப் பற்றி இவ்வளவு போதும். விற்ற காசில் பழைய யப்பான் கார் ஒன்றை வாங்கி அவளிடம் திறப்பைக் கொடுத்தேன். காலமையில் யாழ்ப்பாணத்திலிருந்து நாலு ரீச்சர்மாரை ஊர்காவற்றுறைக்கு ஏற்றி வருவாள், பள்ளிக்கூடம் விட்டதும் கொண்டுபோய் விடுவாள். இடையில் ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றுகிற ஹயர். எங்கள் மூன்று பேருடைய சோறும் அந்த நாலு ரயரில்தான் ஓடுகிறது. அதனால்தான் அவள் வந்து இப்படி ஓர் ஓட்டம் இருக்கிறது, போகப் போகிறேன் என்றபோது நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

கார் ஓட்டம் என்றால் நான் நினைத்தது வேறு. பத்துப் பதினைந்து கார் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும், இரண்டு உருளும், சனம் கைதட்டும். ஆரோடு ஓடப் போகிறாய் என்று கேட்டேன்.

“ஒருத்தரோடையும் இல்லையப்பா. மணிக்கூட்டோடை.”

ஒரு நேரத்தில் ஒரு கார்தானாம். செம்மஞ்சள் கோன் வைத்த வழியால் போய், கடைசியில் இருக்கிற பீப்பாயைச் சுற்றி, வந்த பக்கமே திரும்பி வந்து நிற்க வேண்டும். மூன்று தரம் விடுவார்கள், அதில் நல்லதைக் கணக்கெடுப்பார்கள். பந்தயக் கார் வேண்டியதில்லை, வீட்டுக் காரே போதும். பிறேக்கும் ரயரும் பெல்ற்றும் சரியாக இருந்தால், தலைக்கு ஹெல்மெற் போட்டால், யாரும் ஓடலாம். போன முறை யாழ்ப்பாணத்தில் நடந்தபோது அவள் எனக்குச் சொல்லாமல் போய், கோன் விழுந்தால் கொடி தூக்குகிறவர்களோடு வெயிலில் ஒரு நாள் முழுக்க நின்றிருக்கிறாள். முகம் கறுத்து வந்தபோது மடு மாதா கோயிலுக்குப் போனாளாக்கும் என்று நான் நினைத்தேன். இந்த முறை நம்முடைய தீவிலேயே, காய்ந்து கிடக்கிற வெட்டையில், பௌர்ணமிப் போயா லீவில்.

இப்படி ஒன்றை நான் லேசில் நம்பமாட்டேன். வாசிக்கத் தெரியாதவனை ஏமாற்ற எவ்வளவோ வழி இருக்கிறது. மீன் வாடியில் தராசை நம்பி நான் பட்டது போதும். கோடு தாண்டுகிற இடத்தில் இரண்டு பக்கமும் முக்காலியில் சின்னப் பெட்டி வைத்திருந்தார்கள். அதுதான் மணிக்கூடாம். ஆளில்லாத நேரம் பார்த்துப் போய் இடையில் கையை நீட்டினேன். பக்கத்துப் பலகையில் சிவப்பு இலக்கம் ஓடத் தொடங்கியது. நாலு பேர் கத்திக்கொண்டு வந்தார்கள். கத்தட்டும். என் கையைக் கண்டும் ஓடியது என்றால் அது ஆள் பார்த்து ஓடுகிறதில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஆனால் வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது நான் அவளிடம் ஒன்று சொல்லியிருந்தேன். காரில் ஒரு கீறு விழுந்தாலும் திறப்பை என்னிடம் தந்துவிடு என்று. அவள் ஓம் என்றாள்.

கல்லெல்லாம் இறக்கி, ஜெகதீஸ் இன்னொரு தரம் குனிந்து பார்த்து, கதவில் இலக்கம் ஒட்டிய பிறகு எல்லாரையும் வழியை நடந்து பார்க்க விட்டார்கள். மற்றவர்கள் போனில் படம் பிடித்துக்கொண்டு கதைத்தபடி போனார்கள். ஜொய்சி தனியாக நடந்தாள். ஒவ்வொரு கோனிலும் நின்று, கையை வளைத்து, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். செபம் சொல்கிறாளாக்கும் என்று பக்கத்தில் போனேன். “இடம், வலம், வலம், பீப்பாய்” என்று கேட்டது. பீப்பாய்க்கு அங்கால் நின்று நிலத்தைக் காலால் உதைத்துப் பார்த்தாள். மாரியில் மாடு மிதித்த சேறு அப்படியே இறுகிக் கல்லாகக் கிடந்தது. கார் அகலமாகத் திரும்பினால் அதில் ஏறும். கிட்டத் திரும்பினால் பீப்பாய் இடிக்கும்.

முதல் ஓட்டத்தில் அவள் வழி மாறினாள். மூன்றாவது கோனுக்கு வலப்பக்கத்தால் போக வேண்டியதை இடப்பக்கத்தால் போனாள். கொடி ஆடியது. நேரம் கணக்கில் இல்லை. கயிற்றுக்கு வெளியே நின்ற சனத்தில் ஒருவர், பொம்பிளைப் பிள்ளைக்கு இது என்னத்துக்கு என்று மற்றவரிடம் சொல்வது கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். அந்த ஆள் தன் செருப்பைப் பார்த்தார்.

இரண்டாவதில் வழி பிழைக்கவில்லை. கோன் ஒன்றும் விழவில்லை. ஆனால் எப்படி ஓடினாள்! பண்ணைப் பாலத்தில் ரீச்சர்மாரை ஏற்றிக்கொண்டு வருகிற மாதிரி. ஒவ்வொரு கோனுக்கும் முன்னால் பிறேக் விளக்கு எரிந்தது. பீப்பாயை, கோயிலைச் சுற்றுகிற சப்பறம் மாதிரிச் சுற்றினாள். ஒலிபெருக்கியில் நேரத்தைச் சொன்னார்கள். அந்த வகைக் கார்களில் அதுதான் எல்லாவற்றிலும் கூடின நேரம். நாரந்தனைப் பெடியன் டிலோன், தகரப் பேணி மாதிரிச் சத்தம் போடுகிற காரில் வந்தவன், எனக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

“பெரியப்பா, ரீச்சர்மார் பின் சீற்றிலை நித்திரை போலை. எழுப்பாமல் ஓட்டினவா.”

“உன்ரை காருக்குச் சத்தம்தானடா கூட” என்றேன். அவன் சிரித்துக்கொண்டு போனான். அவன் சொன்னது சரி. அதுதான் எனக்கு எரிந்தது.

வழியை அவள் பாடமாக்கியிருந்தாள். ஓட்டத் தெரிந்த கையும் இருக்கிறது. மழைக்குள் எதிரே பஸ் வந்த நேரம் வேலணை வளைவில் அவள் காரைப் பிடித்த பிடியை நான் பக்கத்துச் சீற்றில் இருந்து பார்த்தவன். இந்த ஓட்டத்தில் ஓடியது அவளில்லை. காலமை நான் சொன்ன சொல்தான் ஓடியது. ஒரு கீறு விழாமல் பத்திரமாகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள்.

காருக்குள் ஹெல்மெற்றைக் கழற்றாமல் இருந்தாள். கதவுக் கண்ணாடியை இறக்கியிருந்தாள். நான் போய்க் கதவில் கையை வைத்தேன். அவள் என்னைப் பார்க்காமல் முன்னால் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“காணுமப்பா, இவ்வளவும் போதும். நேரம் ஒண்டு கிடைச்சிட்டுது. மூண்டாவதை விடப்போறன்.”

“ஏன்?”

“இது சோறு.”

வேறு யாரும் சொன்னால் நான் ஓம் என்று தலையாட்டியிருப்பேன். நானே சொல்கிற சொல்தான் அது. எத்தனை தரம் அவளுக்குச் சொல்லியிருப்பேன். ஆனால் அவள் வாயிலிருந்து வந்தபோது அது நன்றாக இல்லை. அவளுக்கு முப்பத்துமூன்று வயது. புருஷன் விட்ட செய்தி வந்தபோது ஊர் சொன்னது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மற்றநாள் காலமை காரை எடுத்துக்கொண்டு ஹயருக்குப் போனவள். தனக்கு என்று அவள் கேட்டு நான் அறிந்தது இந்த ஒன்றுதான். ஒரு நகை கேட்டதில்லை, ஒரு சீலை கேட்டதில்லை. மணிக்கூட்டோடு மூன்று தரம் ஓட வேண்டும் என்று கேட்டாள். அதில் ஒன்றை வழி தின்றது, ஒன்றை நான் தின்றேன்.

நல்லதாக நாலு சொல் சொல்ல எனக்கு வராது.

“நாளைக்கு ரீச்சர்மார் பஸ்ஸிலை போகட்டும்” என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஹெல்மெற்றுக்குள் கண் மட்டும்தான் தெரிந்தது. நான் கதவிலிருந்து கையை எடுத்தேன். பிறகு கண்ணாடி மேலே ஏறியது.

கயிற்றடியில் போய் நின்றேன். கொடி விழுந்ததும் கார் கிளம்பிய விதத்திலேயே தெரிந்தது, இது வேறு ஆள். பின் ரயர் உதைத்த மண் கொடிக்காரனின் காற்சட்டையில் விழுந்தது. முதல் கோனுக்குப் பிறேக் விளக்கு எரியவே இல்லை. இடம். வலம். முதல் ஓட்டத்தில் அவளைப் பிடித்த மூன்றாவது கோனை உரஞ்சுகிற மாதிரிப் போனாள், கோன் ஒருமுறை ஆடி நின்றது. கொடி எழும்பவில்லை. நேர்வழியில் இயந்திரம் கத்திய கத்தலை நான் அந்தக் காரில் இதுவரை கேட்டதில்லை. அதற்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

பீப்பாயில்தான் எல்லாம். அவள் கிட்டத் திரும்பினாள். காரின் பின்பக்கம் தன்பாட்டுக்கு வெளியே ஓடியது. கார் முழுதும் பக்கவாட்டில் நின்றதைப் பார்த்தேன், அலைக்குக் குறுக்கே விலாவைக் கொடுத்த வள்ளம் மாதிரி. அந்த நேரம் வள்ளத்தில் இருக்கிறவன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, பயந்து கையை விடாமல் இருப்பது. அவள் விடவில்லை. பின் ரயர் அந்த இறுகிய சேற்றில் ஏறி இறங்கி, முன்பக்கம் ஒருதரம் நிலத்தில் குத்தி எழும்பியது. ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. நான் கயிற்றைப் பிடித்திருந்த பிடியில் உள்ளங்கை எரிந்தது. கார் நிமிர்ந்தது. நிமிர்ந்தது மட்டுமில்லை, அங்கேயே கியரை மாற்றிக்கொண்டு வந்தது.

சனம் சத்தம் போட்டது. முன்பு செருப்பைப் பார்த்த ஆள் கயிற்றுக்கு மேலால் எட்டி, அது ஆரின்ரை பிள்ளை என்று என்னிடமே கேட்டார். என்ரை என்றேன். அவருக்குக் கேட்டிருக்காது என்று இன்னொரு தரம் சொன்னேன்.

கோட்டைத் தாண்டி நாலு கோனுக்கு நடுவில் கார் நின்றது. பின்னால் துரத்தி வந்த புழுதி அதை எட்டி மூடிவிட்டது. போகக் கூடாது என்று யாரோ கத்தினார்கள். நான் கயிற்றுக்குக் கீழால் குனிந்து போய்விட்டேன். புழுதிக்குள் முதலில் கண்டது முன் பம்பரைத்தான். இடது மூலை கழன்று, சாணளவு பிளந்து, நிலத்தில் முட்டிக்கொண்டு கிடந்தது. உள்ளே கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. வேறு என்ன போயிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கீழே ஏதோ சொட்டியது, தண்ணீரா எண்ணெயா என்று குனிந்து பார்க்க நேரம் இல்லை. கதவு திறந்தது.

ஜொய்சி ஹெல்மெற்றோடு இறங்கினாள். ஒரு கையால் காரைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் நாடிக்குக் கீழே ஹெல்மெற் பட்டியை இழுத்தாள், கழற்ற வரவில்லை. முன்னுக்கு வரப் பார்த்தாள். நான் அந்த மூலைக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

“என்னப்பா உடைஞ்சது?”

“முதல் ஹெல்மெற்றைக் கழட்டிப்போட்டு அதைக் கேள்” என்று ஒலிபெருக்கிப் பக்கம் கையைக் காட்டினேன்.

ஒலிபெருக்கி கரகரத்தது. ஊர்காவற்றுறை, பஸ்ரியாம்பிள்ளை ஜொய்சி என்று வெட்டை முழுக்கக் கேட்கச் சொன்னார்கள். என் பெயரை இவ்வளவு பெரிய சத்தத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் இன்னும் பட்டியோடு போராடிக்கொண்டு, தலையை ஒலிபெருக்கிப் பக்கம் திருப்பினாள். கடலிலிருந்து காற்று எழும்பியது. பம்பர் தெரியாமல் இருக்க நான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் இரண்டு கரையையும் பிடித்து, அகல விரித்துக்கொண்டு நின்றேன்.